புள்ளி எங்கே போயிற்று?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றத்தின் சுவர் இதழுக்காக இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வெப்பக் கடத்தலைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து தந்தாள். கருத்துகள் தெளிவாகவே இருந்தன. ஆனால் முதல் வரியிலேயே ‘இயற்பியல்’ என்ற சொல் ‘இயறபியல’ என்று நின்றது. அடுத்த வரியில் ‘ஆய்வு’ என்பது ‘ஆயவு’ ஆகியிருந்தது. ‘வெப்பம்’ என்பது ‘வெப்பம’ என்றும், ‘தங்கம்’ என்பது ‘தங்கம’ என்றும் இருந்தன. பக்கத்துக்கு முப்பது நாற்பது இடங்களில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளியைக் காணோம். சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து என் கை ஓய்ந்துவிட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில், ‘கவனம் போதாது, மறுபடியும் எழுதுக’ என்று குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்தேன். மற்ற மாணவர்கள் முன்னிலையில் இரண்டு வார்த்தை கடிந்தும் பேசிவிட்டேன்.

மறுநாள் உணவு இடைவேளையில் அவள் அதே தாள்களுடன் வந்தாள். என் சிவப்புச் சுழிகளுக்குப் பக்கத்திலேயே பச்சை மையால் வேறு சில எழுத்துகளைச் சுழித்திருந்தாள்.

“என்னம்மா இது?” என்றேன்.

“சார், நீங்கள் சுழித்தவை புள்ளி விழாத இடங்கள். நான் சுழித்திருப்பவை புள்ளி சரியாக விழுந்திருக்கும் இடங்கள். வெப்பம் என்ற சொல்லில் நடுவிலுள்ள புள்ளி இருக்கிறது. கடைசிப் புள்ளிதான் இல்லை. மின்னோட்டம் என்பதிலும் அப்படியே. தங்கம் என்பதில் ‘ங்’ சரியாக இருக்கிறது, ‘ம்’ சரியில்லை. நான் கவனமில்லாமல் அடித்திருந்தால் எல்லா இடங்களிலும் அல்லவா விட்டுப்போயிருக்கும்?”

நான் தாள்களை வாங்கி மீண்டும் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. இரட்டித்து வரும் மெய்களிலும், ‘ங்க’, ‘ண்ட’, ‘ந்த’, ‘ம்ப’ போன்ற இணைகளிலும் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. மற்ற இடங்களில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கவனக்குறைவால் வரும் பிழைகள் இப்படி வரிசை பிடித்து நிற்பதில்லை. இதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணத்தை அன்று மாலை இருவருமாகக் கண்டுபிடித்தோம். மாணவர்களே! அதைத் தேடிப் போன வழியையும், அதிலிருந்து நான் வந்து சேர்ந்த ஒரு கருத்தையும் உங்களிடம் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசைப்பலகைக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை. இயற்பியலில் ‘விசை’ என்றால் நிறையை முடுக்குவது. இங்கே ‘விசை’ என்பது விரலால் அழுத்தும் பொத்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் அதனோடு இணைந்த நெம்புகோல் எழும்பி, எழுத்து பொறித்த அச்சு மைநாடாவின்மீது மோதும். எங்கே சிக்கிக்கொண்டது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். கணினியின் விசைப்பலகையில் அப்படியில்லை. நாம் அழுத்தும் இடத்துக்கும் எழுத்து தோன்றும் இடத்துக்கும் நடுவே பல கட்டங்கள் உள்ளன. அவற்றுள் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் காணப்படும் மலிவு விலை விசைப்பலகையைத் திறந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைக் காண்பீர்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளித் துகள் கலந்த மையினால் மின்கடத்தும் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத் தாள் மின்காப்பு. ஒவ்வொரு விசைக்கும் நேர்கீழே அதில் ஒரு துளை இருக்கும். இந்தத் தாள்களின்மேல் ஒவ்வொரு விசைக்கும் ஒரு ரப்பர் குமிழ். விசையை அழுத்தும்போது குமிழ் மடங்கி மேல் தாளை அமுக்குகிறது. மேல் தாளின் கோடு துளை வழியாகக் கீழ்த் தாளின் கோட்டைத் தொடுகிறது, சுற்று மூடுகிறது. விரலை எடுத்ததும் குமிழ் நிமிர்கிறது, சுற்று திறக்கிறது. வீட்டின் அழைப்பு மணிக்குப் பொத்தான் செய்யும் வேலைதான் இது. வேறொன்றும் இல்லை.

வழக்கமான விசைப்பலகையில் 104 விசைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் 104 கம்பிகளும், பொதுவாக ஒன்றும் ஆக 105 கம்பிகள் வேண்டும். பொறியாளர்கள் இதை எளிதாக்கிவிட்டார்கள். கணிதப் பாடத்தில் நீங்கள் படிக்கும் அணியைப் போல, கோடுகளை நிரைகளாகவும் நிரல்களாகவும் அமைத்தார்கள். 8 நிரைகளும் 18 நிரல்களும் இருந்தால் அவை சந்திக்கும் இடங்கள் 144. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசையை வைக்கலாம். ஆகவே 26 கோடுகளே போதும். பலகையின் ஓரத்திலுள்ள ஒரு சிறு சில்லு ஒவ்வொரு நிரையாக மின்குறியை அனுப்பி, எந்த நிரலில் அது வெளிவருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நொடியில் பலகை முழுவதையும் பலமுறை சுற்றி வந்துவிடுகிறது. ‘மூன்றாம் நிரை, ஐந்தாம் நிரல்’ என்று தெரிந்தால் அது எந்த விசை என்பதும் தெரிந்துவிடும். அந்த விசையின் எண் கம்பி வழியாகக் கணினிக்குப் போகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. விசையின் எண்ணைத்தான் அனுப்புகிறது. அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்று முடிவு செய்வது கணினியிலுள்ள மென்பொருள். ஒரே விசையை அழுத்தினால் ஆங்கில அமைப்பில் ‘எஃப்’ வருகிறது. தமிழ்99 அமைப்பில் அதே விசை மெய்யெழுத்தின் புள்ளியைத் தருகிறது.

காணாமற்போன புள்ளி

இப்போது மாணவியின் தாள்களுக்கு வருவோம். அவள் பயன்படுத்தியது தமிழ்99 அமைப்பு. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசை அமைப்பு இது. இதில் ஒரு வசதி உண்டு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதலெழுத்துக்கு மென்பொருள் தானாகவே புள்ளி வைத்துவிடும். ‘ப’ விசையை இருமுறை அழுத்தினால் ‘ப்ப’ கிடைக்கும். ‘ங’வை அடுத்துக் ‘க’வை அழுத்தினால் ‘ங்க’ ஆகும். இவ்விடங்களில் புள்ளி விசையைத் தொடவே வேண்டியதில்லை. ‘இயற்பியல்’ என்ற சொல்லிலோ ‘ற்’, ‘ல்’ இரண்டுக்கும் விரலால்தான் புள்ளி வைக்க வேண்டும்.

ஆகவே, மென்பொருள் வைத்த புள்ளிகள் யாவும் இருந்தன. விரல் வைத்த புள்ளிகள் யாவும் மறைந்தன. விரல் அழுத்தியது கணினிக்குப் போய்ச் சேரவில்லை என்பது இதனால் விளங்கிவிட்டது.

“அடிக்கும்போதே திரையில் பார்த்திருக்கலாமே?” என்று கேட்டேன். அவள் தட்டச்சுப் பயிலகத்தில் முறையாகப் பயின்றவள். கண் கையெழுத்துத் தாளின்மேலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். நான்கு பக்கமும் அடித்து முடித்தபோது ஆய்வகத்தைப் பூட்டும் நேரம் வந்துவிட்டது. அச்செடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

எதை முதலில் கேட்பது?

ஒரு விசை வேலை செய்யவில்லை என்றதும் பலரும் செய்வது இரண்டு. ஒன்று, அதை ஓங்கிக் குத்துவது. மற்றொன்று, புதிதாக வாங்கிவிடுவது. இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அவற்றை ஒழுங்காகக் கேட்பதில்தான் இயற்பியல் இருக்கிறது.

முதற் கேள்வி: பழுது கணினியிலா, பலகையிலா? இதை அறிய எதையும் பிரிக்க வேண்டாம். இந்தப் பலகையை வேறொரு கணினியில் மாட்டுங்கள். பழுதும் கூடவே போனால் குற்றம் பலகையினுடையது. பிறகு வேறொரு பலகையை இந்தக் கணினியில் மாட்டுங்கள். அதிலும் அதே விசை பேசாவிட்டால் குற்றம் கணினியின் அமைப்பில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் ஓம் விதியைச் சரிபார்க்கும்போது மின்தடையை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதே முறைதான் இதுவும். கணினி, கம்பி, பலகை மூன்றையும் ஒருசேர மாற்றிவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்பவருக்கு எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது.

கணினியின் அமைப்பினால் வரும் குழப்பங்கள் பல. சில சிறிய மடிக்கணினிகளில் எண் பூட்டு விசை போடப்பட்டிருந்தால் ‘யு’, ‘ஐ’, ‘ஓ’ விசைகள் 4, 5, 6 என்று எண்களைத் தரும். அமெரிக்க அமைப்புக்குப் பதில் பிரிட்டிஷ் அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், மின்னஞ்சல் முகவரிக்குரிய ‘அட்’ குறி வரவேண்டிய இடத்தில் மேற்கோள் குறி வரும். விண்டோஸ் கணினியில் வலப்புற ஷிப்ட் விசையை எட்டு நொடிகள் அழுத்திப் பிடித்தால், விரைவாக அழுத்தும் விசைகளைப் புறக்கணிக்கும் வசதி ஒன்றை இயக்கலாமா என்று அது கேட்கும். கேள்வியைப் படிக்காமல் ‘ஆம்’ என்றுவிட்டால், அதன்பின் எந்த விசையும் மெல்லத் தொட்டால் பதியாது. கைநடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்த நல்ல வசதி அது; அறியாதவர் கண்ணுக்குப் பழுதாகத் தோன்றுகிறது. இவற்றையெல்லாம் திருகுவெட்டி கொண்டு சரிசெய்ய முடியாது.

இரண்டாம் கேள்வி: ஒரு விசையா, பல விசைகளா? ஒன்று மட்டும் பேசவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் அந்த விசையின் அடியிலேயே இருக்கும். பலகையில் அங்குமிங்குமாகச் சிதறிய ஐந்தாறு விசைகள் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால், அவை ஐந்தும் தனித்தனியே கெட்டன என்று நம்புவது கடினம். அவை யாவும் ஒரே நிரையையோ நிரலையோ சேர்ந்தவையாக இருக்கலாம். அந்த ஒரு கோடு எங்கோ அறுந்திருக்கும், அல்லது சில்லுடன் சேரும் இடத்தில் விலகியிருக்கும். எல்லா விசைகளும் நின்றுவிட்டால் கம்பியையும் யு.எஸ்.பி. இணைப்பையும் பாருங்கள். தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரியாவிட்டால் அந்த வீட்டின் உருகியைப் பார்க்கிறோம். தெரு முழுவதும் இருண்டால் மின்கம்பத்தைப் பார்க்கிறோம். அதே நியாயம்தான்.

மூன்றாம் கேள்வி: எப்படிக் கெட்டிருக்கிறது? சிறிதும் பதியவில்லையா? அழுத்திக் குத்தினால் மட்டும் பதிகிறதா? ஒருமுறை தொட்டால் இருமுறை விழுகிறதா? விரலை எடுத்த பின்னும் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறதா? ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைச் சுட்டுகிறது. அழுத்தினால் மட்டும் பதிந்தால், விசை முழுவதும் கீழே இறங்காமல் ஏதோ தடுக்கிறது, அல்லது தொடுமுனையில் அழுக்குப் படிந்திருக்கிறது. ஓயாமல் விழுந்தால், இறங்கிய விசை மேலே வரவில்லை. சர்க்கரைப் பானம் சிந்தி உலர்ந்த பலகைகளில் இது சாதாரணம். நீர் ஆவியாகிவிடும், சர்க்கரை பிசினாக நின்றுவிடும்.

இருமுறை விழுவதற்குக் காரணம் சற்றுச் சுவையானது. தரையில் போட்ட பந்து உடனே நிற்காமல் சில தடவை துள்ளுகிறது. உலோகத் தொடுமுனைகளும் ஒன்றையொன்று தொடும்போது ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் இப்படித் துள்ளுகின்றன. அந்த நேரத்தில் சுற்று பலமுறை திறந்து மூடுகிறது. சில்லு இதை அறிந்து, சற்றுப் பொறுத்திருந்து, துள்ளல் அடங்கிய பிறகே விசையைக் கணக்கில் கொள்கிறது. தேய்ந்த தொடுமுனை நெடுநேரம் துள்ளினால் சில்லின் பொறுமையும் போதாமல் ஒன்று இரண்டாகிவிடுகிறது.

பழுதே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலிவான பலகைகளில் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தும்போது சில சமயம் மூன்றாவது பதியாது. அணியில் ஒரு செவ்வகம் வரைந்து அதன் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை மூடுங்கள். மின்னோட்டம் அந்த மூன்றின் வழியாகச் சுற்றிவந்து நான்காம் மூலையும் மூடியிருப்பதாகக் காட்டிவிடும். இந்தப் பொய்த் தோற்றத்தைத் தவிர்க்கவே சில்லு மூன்றாம் விசையை ஏற்க மறுக்கிறது. ஒவ்வொரு விசையோடும் ஒரு டையோடு சேர்த்தால் மின்னோட்டம் பின்னோக்கிச் செல்ல முடியாது, இக்குறையும் நீங்கும். ஏன் என்று நீங்களே தாளில் வரைந்து பாருங்கள்.

பிரித்துப் பார்த்தபோது

நாங்கள் இதே ஒழுங்கில் சென்றோம். ஆங்கில அமைப்புக்கு மாற்றி அந்த விசையை அழுத்தினோம், ‘எஃப்’ வரவில்லை. ஆகவே குற்றம் தமிழ் மென்பொருளினுடையது அன்று. பலகையைப் பக்கத்துக் கணினியில் மாட்டினோம், அங்கும் வரவில்லை. ஆகவே குற்றம் கணினியினுடையதும் அன்று. மற்ற எல்லா விசைகளும் பேசின. ஆகவே கோடு அறுந்திருக்க வாய்ப்புக் குறைவு. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தியபோது ஒருமுறை ‘எஃப்’ விழுந்தது. ஆகவே தொடுமுனை சாகவில்லை. ஏதோ நடுவில் தடுக்கிறது. ஐந்தே நிமிடத்தில் ஓர் அறை முழுவதிலும் இருக்கக்கூடிய பழுதை ஒரு விரல்நுனி அகலத்துக்குள் அடைத்துவிட்டோம்.

பலகையின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தட்டையான பிளாஸ்டிக் துண்டால் விசையின் தலையை மெல்ல நெம்பி எடுத்தோம். அதன் தண்டு இறங்கும் குழியின் விளிம்பில், கல்போல் இறுகிய ஒரு முறுக்குத் துணுக்கு இருந்தது. குண்டூசி முனையால் அதை அகற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலரவிட்டுத் தலையை மாட்டினோம். புள்ளி விழுந்தது.

நான் சிவப்புப் பேனாவை எடுத்து, ‘கவனம் போதாது’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் கீழ்ச் சுருக்கொப்பம் இட்டுக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பில், யார் முன்னிலையில் கடிந்தேனோ அவர்கள் முன்னிலையிலேயே நடந்ததைச் சொன்னேன். கவனம் போதாதது அவளுக்கு அன்று. பச்சை மையால் சுழிக்க வேண்டிய இடங்களை முந்திய நாளே நான் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் முயலும்போது சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். யு.எஸ்.பி. பலகையில் இருப்பது 5 வோல்ட் மட்டுமே; ஆயினும் கழற்றிவிட்டே தொடுங்கள். திரை, மின்வழங்கி போன்று நேரே மின்சாரத்தில் இயங்கும் எதையும் திறக்காதீர்கள். இணைப்பை நீக்கிய பின்னும் அவற்றின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆல்கஹால் தீப்பற்றும், நெருப்பருகே வேண்டாம். மடிக்கணினியின் விசைத்தலையின் அடியில் கத்தரிக்கோல்போல் மடங்கும் மெல்லிய பிளாஸ்டிக் அமைப்பு உண்டு. முரட்டுத்தனமாக நெம்பினால் முறிந்துவிடும். பலகையினுள் தாளிலுள்ள கோடு அறுந்திருந்தால் ஈயம் வைத்துப் பற்றவைக்க முயலாதீர்கள்; சூட்டில் பிளாஸ்டிக் தாள் உருகிவிடும். மல்டிமீட்டரால் எங்கே அறுந்தது என்று கண்டபின், மின்கடத்தும் மையினால் அவ்விடத்தை இணைப்பதே வழி.

என் கருத்து

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். பழுது கண்டுபிடிப்பதைப் பள்ளிச் செய்முறைப் பாடத்தின் ஒரு பகுதியாக வைக்க வேண்டும்.

இன்று ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? மீட்டர் சமனச் சுற்றை மாணவர் இணைக்கிறார். கால்வனாமீட்டரின் முள் அசையவில்லை. உடனே, “சார், மீட்டர் வேலை செய்யவில்லை” என்று குரல் வருகிறது. ஆய்வக உதவியாளர் வந்து ஒரு திருகை முறுக்குகிறார், அல்லது உப்புத்தாள் தேய்க்காத கம்பி முனையை மாற்றுகிறார். முள் அசைகிறது. மாணவர் அளவீடுகளைக் குறித்துக்கொண்டு முழு மதிப்பெண் பெறுகிறார். அன்று அந்த மேசையில் நடந்த உண்மையான அறிவியலைச் செய்தவர் உதவியாளர். அவருக்கு மதிப்பெண் போடுவார் இல்லை.

எல்லாம் சரியாக இயங்கும் கருவிகளையே மாணவர் கையில் தருகிறோம். விடை முன்பே தெரிந்த சோதனைகளையே செய்யச் சொல்கிறோம். பழுதான கருவியோ, தன் விடையைத் தன்னுள்ளே மறைத்து வைத்திருக்கிறது. அதற்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை கிடையாது. ஊகிக்க வேண்டும், ஊகத்தைச் சோதிக்க வேண்டும், ஊகம் பொய்த்தால் கைவிட வேண்டும். இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு வேறென்ன?

கணினி வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணினி பிழை செய்தது. அதை இயக்கியவர்கள் தேடிக்கொண்டே போய், 70-ஆம் எண்ணுள்ள உணர்த்தியில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டார்கள். அதை எடுத்து நாளேட்டில் ஒட்டி, கண்ட இடத்தையும் குறித்து வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுதை ‘பூச்சி’ எனச் சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளர்களிடையே உண்டு; அன்று உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்டுவிட்டது. அவர்கள் செய்ததில் நாம் கற்க வேண்டியது, கண்டதை எழுதி வைத்தார்கள் என்பதே. அந்த நாளேட்டைப் போல ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒரு பழுதுக் குறிப்பேடு இருக்கலாம்: எது கெட்டது, எப்படித் தெரிந்தது, எதையெதைச் சோதித்தோம், காரணம் என்ன.

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. “ஒரு விசைப்பலகை சில நூறு ரூபாய்தானே? அதற்காக மாணவரின் ஒரு மணி நேரத்தை வீணாக்குவதா?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். பலகையின் விலையை மட்டும் கணக்கிட்டால் அவர் சொல்வது சரி. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர் கற்றுக்கொள்வது பலகையைப் பற்றி மட்டுமன்று. நாளை அவர் மருத்துவராகி ஒரு காய்ச்சலின் காரணத்தைத் தேடலாம். உழவராகி மோட்டார் ஏன் நீர் இறைக்கவில்லை என்று பார்க்கலாம். கேள்விகளின் ஒழுங்கு அங்கும் இதுவே.

“பிரித்தால் மேலும் கெடுத்துவிடுவார்கள்” என்பது இரண்டாம் மறுப்பு. கெடுக்கலாம். கழித்துப்போட வைத்திருக்கும் பொருளைக் கெடுத்தால் என்ன நட்டம்? எங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஒன்பது பலகைகள் கழிவுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. முறுக்குத் துணுக்கு அகப்பட்ட பிறகு மாணவர்கள் இரண்டு சனிக்கிழமைகள் அவற்றோடு உட்கார்ந்தார்கள். ஐந்து உயிர்பெற்றன. ஒன்றில் பழுதே இல்லை. யாரோ கணினியின் அமைப்பை மாற்றியிருந்தார்கள். மூன்றைச் சரிசெய்ய முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது இப்போது அவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் பழுதுபார்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தாள்கள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன பலகையோடு போராடுவது வீண். மேலும், சில மடிக்கணினிகளின் விசைப்பலகையை உற்பத்தியாளர்கள் மேல்மூடியோடு சேர்த்தே பிணைத்துவிடுகிறார்கள். ஒரு விசைக்காக மேற்பகுதி முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பசை இருந்தால் மாணவரின் அறிவு என்ன செய்யும்? இதை மாற்றும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. பிரான்சு நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல், மடிக்கணினி போன்ற சில பொருள்கள் எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கத்தக்கவை என்பதை மதிப்பெண்ணாக விற்குமிடத்தில் காட்ட வேண்டும். இந்திய அரசின் நுகர்வோர் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. அடுத்த முறை வீட்டில் ஏதேனும் வாங்கும்போது, ‘இதைத் திறக்க முடியுமா?’ என்று கடைக்காரரைக் கேளுங்கள். பலர் கேட்டால் செய்பவர்களும் கேட்பார்கள்.

உலகம் 2022-ஆம் ஆண்டில் கழித்துப்போட்ட மின், மின்னணுப் பொருள்களின் எடை 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. இந்தக் குவியலில் எத்தனை முறுக்குத் துணுக்குகள் இருக்கின்றனவோ!

ஆகவே மாணவர்களே, உங்கள் பள்ளியில் கழித்துப் போட்ட பலகை ஒன்று நிச்சயம் இருக்கும். ஆசிரியரிடம் அனுமதி பெற்று அதைக் கேட்டு வாங்குங்கள். பிரிப்பதற்கு முன்னால் ஒரு தாளை நடுவில் கோடிட்டு இரண்டாக்குங்கள். ஒரு பக்கத்தில் எந்த விசைகள் பேசவில்லை என்று எழுதுங்கள். மறுபக்கத்தில் எவை பேசுகின்றன என்று எழுதுங்கள். நான் முதல் பக்கத்தை மட்டுமே பார்த்து ஒரு நல்ல மாணவியைக் கடிந்துகொண்டேன். அவள் இரண்டாம் பக்கத்தையும் பார்த்தாள்.